இந்தியக் குடியுரிமை: வெளிநாட்டவருக்கு என்ன தகுதி?

கேள்வி: வெளிநாட்டவர் ஒருவர் இயல்புரிமை மூலம் இந்தியக் குடியுரிமை பெற என்னென்ன தகுதிகள் வேண்டும்?

பதில்: இதற்கான விதிகள் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவிலும் மூன்றாம் அட்டவணையிலும் உள்ளன. விண்ணப்பதாரர் 18 வயது நிறைந்தவராகவும் நன்னடத்தை உள்ளவராகவும் இருக்க வேண்டும். பலருக்கும் சிக்கலாவது வசிப்புக் கணக்குதான். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் இந்தியாவிலேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் 30 நாள் வரையிலான இடைவெளியை மத்திய அரசு பொறுத்துக்கொள்ளலாம். அந்த 12 மாதங்களுக்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளாவது இங்கே இருந்திருக்க வேண்டும்.

அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்று போதிய அளவு தெரிந்திருந்தால் போதும். தமிழ் மட்டும் தெரிந்தவரும் விண்ணப்பிக்கலாம். இரட்டைக் குடியுரிமைக்கு இங்கே இடமில்லை என்பதால், பழைய குடியுரிமையைத் துறப்பதாக உறுதியளிக்க வேண்டும். அறிவியல், கலை, இலக்கியம், உலக அமைதி போன்றவற்றில் சிறந்த தொண்டாற்றியவர்களுக்கு இந்த நிபந்தனைகளை அரசு தளர்த்தலாம்.

உரிய ஆவணமின்றி நுழைந்தவரும், அனுமதிக் காலம் கடந்து தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறிகள்; அவர்கள் விண்ணப்பிக்க முடியாது. முகாம்களில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தும் ஈழத்தமிழ் அகதிகள் பலருக்கு வழி பிறக்காததற்கு இதுவே பெரும் காரணம். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தினருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்து, 11 ஆண்டுகளை 5 ஆக்கியது. அப்பட்டியலில் இலங்கை இல்லை. இது வேதனைக்குரிய விடுபடல்.