விலை குறைந்த ஊசிக்குத் தராசு எதற்கு?

புனேயில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரச் செவிலியருக்கு அந்த நைட் டியூட்டியை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அமிகாசின் ஊசி எழுதியிருந்தார்கள். கேஸ் ஷீட்டில் எடை 14 கிலோ. தூக்கும்போதே கைக்குச் சந்தேகம் தட்டியது. டயப்பரைக் கழற்றி எடை மெஷினில் கிடத்தினால் 10.5 கிலோ! அட்மிஷனின்போது அப்பா வாய்க்கு வந்தபடி சொன்ன எடையை யாரோ அப்படியே எழுதிவிட்டார்கள். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 210 மி.கி. என்று போட்டிருந்த கணக்கு, உண்மையான எடைக்கு 157.5 மி.கி.தான் வருகிறது. அளவு மீறினால் காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடிய மருந்து அது.

போன் போட்டார். தூக்கம் கலைந்த டாக்டர் சிடுசிடுத்துவிட்டு டோஸை மாற்றினார். மறுநாள் காலையில் சீனியர் சிஸ்டரிடம் கிடைத்த பட்டம், ‘வேலையில் ஸ்லோ’. வெகுநாள் ஆறாமல் இருப்பது அந்தப் பட்டம்தான்.

எடை சரியாக இருந்தாலும் குப்பி காலை வாரிவிடும். அமிகாசின் 100, 250, 500 மி.கி. என மூன்று அளவில் வருகிறது; மூன்றிலும் மருந்து 2 எம்.எல்.தான். 250 குப்பியில் 157.5 மி.கி.க்கு 1.26 எம்.எல். எடுக்க வேண்டும். அவசரத்தில் கை 500 குப்பியை எடுத்து, அதே 1.26 எம்.எல்.லை இழுத்தால் போவது 315 மி.கி. ‘எத்தனை எம்.எல்.?’ என்று மட்டும் கேட்கிற ஜூனியர்களை அவர் சும்மா விடுவதில்லை. முதலில் மி.கி., பிறகு குப்பியின் லேபிள், கடைசியில்தான் எம்.எல்.

2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் பரவியபோது நகரமே கலங்கியது. பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த நோய்க்குத் தரும் இம்யூனோகுளோபுலினுக்கும் எடைதான் கணக்கு: கிலோவுக்கு தினம் 0.4 கிராம், ஐந்து நாள். 10.5 கிலோ குழந்தைக்கு 4.2 கிராம், ஒரு 5 கிராம் குப்பியில் முடிந்துவிடும். 14 கிலோ என்று எழுதிவிட்டால் 5.6 கிராம், இரண்டாவது குப்பியை உடைக்க வேண்டும். ஒரு குப்பியே பல ஆயிரம் ரூபாய். “அந்த மருந்துக்கு மட்டும் எல்லாரும் ரெண்டு தடவை எடை பார்த்தாங்களே, அப்ப யாரையும் ஸ்லோன்னு சொல்லலையே” என்கிறார். நியாயமான குத்தல்தான்.

பணக்கார ஆஸ்பத்திரி என்றால் தப்பு நடக்காது என்பதும் இல்லை. 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகளுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினில் எம்.எல்.லுக்கு 10 யூனிட் குப்பிக்குப் பதில் 10,000 யூனிட் குப்பி போய்விட்டது. குழந்தைகள் பிழைத்தார்கள்.

மற்றதெல்லாம் இந்தச் செவிலியருக்கு அரை நிமிட விஷயம்: 0.5 என்று பூஜ்யம் போட்டு எழுது, 5.0 என்று எழுதாதே, இன்னொருவரைத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லி ஒப்பிடு. வீட்டுக்குப் போகும் தாயிடம் பாராசிட்டமால் சொட்டு மருந்தையும் சிரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. சொட்டு மருந்தில் எம்.எல்.லுக்கு 100 மி.கி., 5 எம்.எல்.லில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 25தான். எல்லா வார்டிலும் ஓடுகிற எடை மெஷினும், கணக்கைச் சரிபார்க்க இன்னொரு ஆளும் இருப்பதுபோலத்தான் பேசுகிறார். நைட்டில் தனியாக மாட்டிக்கொண்ட செவிலியர் என்ன செய்வார் என்று கேட்டால், “மெஷினைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க” என்று முடித்துவிடுகிறார்.

இப்போது அந்த வார்டின் கேஸ் ஷீட்டில் எடைக்குப் பக்கத்தில் ‘யார் பார்த்தது, எப்போது’ என்று புதுக் கட்டம் இருக்கிறது. அது தன்னால் வந்தது என்கிறார் அவர். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். ஆய்வுக்காக வந்தது என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள்.