துணி கொடியான கதை

கோடை விடுமுறையில் சொந்த ஊர்த் திருவிழாவைக் கண்ட பிள்ளைகளுக்குக் கொடியேற்றம் என்னும் சொல் புதிதன்று. கோயில் கொடிமரத்தில் கொடி ஏறிய பின்னரே திருவிழா தொடங்கும். பள்ளியில் ஆகஸ்ட் 15 அன்று நிகழ்வதும் கொடியேற்றமே. தமிழில் கொடி என்பதற்குப் படர்ந்து செல்லும் செடி என்றும் பொருள் உண்டு. முல்லையும் கொடி, காற்றில் அசையும் துணியும் கொடி. பதாகை, துவசம் என்னும் சொற்களும் இப்பொருளில் வழங்குவன.

முற்காலத்தில் கொடி அரசனுக்கு உரியது. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன். கோட்டையின் மேல் பறக்கும் கொடியைக் கண்டே அந்நிலம் யாருடையது என்பதை மக்கள் அறிந்தனர். அரசன் தோற்றால் கொடியும் இறங்கிவிடும். இந்தியாவின் மூவண்ணக் கொடி அவ்வகையைச் சேர்ந்ததன்று. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே மக்கள் அதைத் தமதாக்கிக் கொண்டனர். அதை ஏந்தியதற்காக அடிபட்டனர், சிறை சென்றனர்.

ஈரோட்டுக்கு அருகிலுள்ள சென்னிமலை, கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு 1904ஆம் ஆண்டில் நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் குமரன். பின்னர் அவர் திருப்பூரில் பணிபுரிந்து வாழ்ந்தார். 1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். நாடெங்கும் சட்டமறுப்பு இயக்கம் மீண்டும் எழுந்தது. ஜனவரி 10ஆம் நாள் திருப்பூரில் தொண்டர்கள் சிலர் கொடியேந்தி ஊர்வலமாகச் சென்றனர். காவலர்கள் அவர்களைத் தடியால் தாக்கினர். குமரனின் தலையில் பலத்த அடி விழுந்தது. அவர் நினைவிழந்து சாய்ந்தார். கொடியைப் பற்றியிருந்த கை மட்டும் அதை விடவில்லை. மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27. தமிழ்நாட்டு மக்கள் அவரைக் கொடிகாத்த குமரன் என்றே இன்றும் அழைக்கின்றனர்.

அவர் காத்தது ஒரு துண்டுத் துணிதானே என்று ஒருவர் கேட்கலாம். தடியோங்கிய காவலருக்கும் அது வெறுந்துணியாகத் தோன்றவில்லை. அவ்வாறு தோன்றியிருந்தால் அதை ஏந்தியவரை அடிக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தத் துணி எதைச் சொல்கிறது என்பதை இரு தரப்பினரும் அறிந்திருந்தனர்.

குமரன் காலத்துக் கொடியின் நடுவில் இன்றுள்ள சக்கரம் இல்லை; நூல் நூற்கும் கைராட்டை இருந்தது. 1921ஆம் ஆண்டில், அக்காலத்தில் பெஜவாடா எனப்பட்ட விஜயவாடாவில், பிங்கலி வெங்கையா என்பவர் சிவப்பும் பச்சையும் கொண்ட ஒரு கொடியைக் காந்தியடிகளிடம் காட்டினார். அதில் வெள்ளை நிறத்தையும் இராட்டையையும் சேர்க்கும்படி காந்தியடிகள் கூறினார். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு சமயத்தாரைக் குறிக்கும் என்பது அந்நாளைய கருத்து. இதில் ஒரு சிக்கல் எழுந்தது. எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே. சமயத்துக்கு ஒரு நிறம் என்று பிரிக்கத் தொடங்கினால், கொடி பாகம் பிரித்த வீடு போலாகிவிடும். ஆகவே 1931ஆம் ஆண்டில் காங்கிரஸ் பேரியக்கம் காவி, வெண்மை, பச்சை என்னும் வரிசையை ஏற்றது. இந்நிறங்கள் எந்தச் சமயத்தையும் குறிக்கமாட்டா, பண்புகளையே குறிக்கும் என்றும் முடிவு செய்தது. கொடியின் வரலாற்றில் நிறங்களைத் தேர்ந்ததைவிட இம்முடிவே பெரிது எனலாம்.

1947ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று அரசமைப்பு நிருணய சபையில் நேரு இன்றைய கொடிக்கான தீர்மானத்தை முன்மொழிந்தார். இராட்டை இருந்த இடத்தில் சாரநாத் அசோகத் தூணின் சக்கரம் அமைந்தது. இம்மாற்றத்துக்கு நேரு கூறிய காரணங்களுள் ஒன்று மிக எளியது. இராட்டையின் ஒருபுறம் சக்கரமும் மறுபுறம் கதிரும் இருக்கும். கொடியின் பின்பக்கம் நின்று பார்ப்பவருக்கு அது இடவலம் மாறித் தெரியும். 24 ஆரங்கள் கொண்ட சக்கரமோ எப்பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுபோலவே தெரியும்.

திருத்தணியில் பிறந்த தத்துவ அறிஞர் இராதாகிருஷ்ணன் அச்சபையில் நிறங்களுக்கு விளக்கம் தந்தார். காவி, தன்னலம் துறத்தலைக் குறிக்கும். வெண்மை, உண்மையின் பாதையைக் காட்டும் ஒளி. பச்சை, மண்ணோடும் பயிரோடும் மனிதருக்குள்ள உறவு. சக்கரம் இயக்கத்தின் அடையாளம். சில நூல்களில் காவி வீரத்தையும் தியாகத்தையும் குறிக்கும் என்று காணப்படும்; அது 1931ஆம் ஆண்டு விளக்கம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

கொடி பிறக்கும் இடங்களுள் ஒன்று கர்நாடகத்தின் ஹூப்ளி. அந்நகரின் பெங்கேரியில் உள்ள கதர் நிலையத்தில் கையால் நூற்று, கையால் நெய்த துணியைக் கொண்டு கொடி தைக்கப்படுகிறது. நூலின் கனம், சாயத்தின் உறுதி, சக்கரத்தின் அளவு ஆகியவை சோதிக்கப்படும். கொடியின் நீளமும் உயரமும் 3:2 என்னும் விகிதத்தில் அமைதல் வேண்டும். இந்தியத் தரநிலைகளின் வரிசையில் முதல் எண் தேசியக் கொடிக்கே அளிக்கப்பட்டுள்ளது என்பது பலர் அறியாத செய்தி. 2021ஆம் ஆண்டு இறுதியில் விதி திருத்தப்பட்டு, இயந்திரத்தில் செய்த கொடிக்கும் பாலியெஸ்டர் துணிக்கும் இசைவு வழங்கப்பட்டது. அதனால் கொடி எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் இராட்டையின் நினைவைத் தாங்கி நிற்பது கதர்க் கொடியே.

பொதுமக்கள் ஆண்டு முழுவதும் தம் வீட்டில் கொடியேற்ற 2002ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல்தான் வழி பிறந்தது. இவ்வுரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வந்தது. கொடி தரையில் படக்கூடாது; கிழிந்ததை ஏற்றக்கூடாது. விழா முடிந்ததும் காகிதக் கொடிகளை வீதியில் எறிவதும் விதிக்குப் புறம்பானது. ஆகஸ்ட் 16 காலையில் நகரத் தெருக்களைக் காண்போர் இவ்விதி எவ்வளவு மறக்கப்படுகிறது என்பதை அறிவர். பழுதடைந்த கொடியைத் தனியிடத்தில், மரியாதையுடன், முழுமையாக எரித்துவிடலாம் என்று விதி கூறுகிறது. கொடியை மடிக்கும்போது காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் செல்லும். இறுதியில் சக்கரமும் இரு நிறங்களின் சிறு பகுதியும் மேலே தெரியும். அதை உள்ளங்கைகளில் ஏந்திச் செல்வர்.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஏற்றப்பட்ட பட்டுக்கொடி, கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்படுகிறது. விடுமுறையில் சென்னை செல்லும் பிள்ளைகள் அதைக் காணலாம்.

சொற்பொருள்
பேழை – பெட்டி. ஆரம் – சக்கரத்தின் நடுவையும் விளிம்பையும் இணைக்கும் கால். இசைவு – அனுமதி. பாகம் பிரித்தல் – சொத்தைப் பங்கிடுதல்.

பயிற்சி
1. கொடி என்னும் சொல்லை அதன் இரு பொருளிலும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.
2. இராட்டைக்கு மாற்றாகச் சக்கரம் அமைந்ததற்கு நேரு கூறிய காரணத்தைப் படம் வரைந்து விளக்குக.
3. நிறங்கள் சமயங்களைக் குறிக்கமாட்டா என்று 1931இல் முடிவு செய்யாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வகுப்பில் கலந்துரையாடுக.
4. வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் பள்ளியில் கண்ட கொடியேற்றத்தைப் பற்றிக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.