சிங்க் வேறு, பேக்கப் வேறு: பள்ளி அலுவலகக் கோப்புகளைக் காப்பது எப்படி?

எங்கள் பள்ளி அலுவலகக் கணினியில் உள்ள கோப்புகளின் மொத்த அளவை ஒருநாள் பார்த்தேன். சேர்க்கை விவரம், மதிப்பெண் பட்டியல்கள், பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் விவரம், சுற்றறிக்கைகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு ஜிபியைத் தொடவில்லை. ஒரு கல்யாண வீடியோ இதைவிடப் பெரிது. ஆனால் இந்தச் சின்னக் கோப்புகளில் ஒரு பிறந்த தேதி மாறிப்போனால், அந்தப் பிள்ளை பல ஆண்டுகள் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும்.

இப்போது பல பள்ளிகளில் ஒரு கணினியை சர்வராக வைத்து, அலுவலகக் கோப்புகளை அதில் ஒரே இடத்தில் சேர்த்து, கூகுள் டிரைவ் போன்ற கிளவுட் சேமிப்புடன் இணைத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் "சிங்க் போட்டாச்சு சார், இனி எதுவும் தொலையாது" என்று சொல்லும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது.

சிங்க் என்றால் ஒத்திசைவு. இரண்டு இடங்களையும் ஒரே மாதிரி ஆக்குவது மட்டுமே அதன் வேலை. இங்கே சேர்த்தால் அங்கே சேரும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அலுவலகப் பணியாளர் தம் கைப்பேசியில் இடம் போதவில்லை என்று டிரைவ் செயலியில் இருந்த பழைய ஃபோல்டர் ஒன்றை நீக்கினார். கைப்பேசியில் உள்ள நகல் மட்டும் போகும் என்பது அவர் எண்ணம். கிளவுடில் போனது, மறுநாள் காலை சர்வரிலும் போனது. முன்னாள் மாணவர் ஒருவர் சான்றிதழ் விவரம் கேட்டு வரும்வரை யாரும் கவனிக்கவில்லை. டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கோப்பு இருக்கும். அதுவும் கடந்துவிட்டது. கையால் எழுதிய பதிவேடு பீரோவில் இருந்ததால் தப்பித்தார்கள். நான்கு ஆண்டு விவரத்தை உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தார்கள்.

இதை எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் கணினி இல்லாமலே விளக்கலாம். இரண்டு மாணவரிடம் ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஒருவர் சர்வர், இன்னொருவர் கிளவுட். மூன்றாமவர் தூதுவர். "இரண்டு நோட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்" என்பது மட்டுமே தூதுவருக்கு விதி. சர்வர் ஐந்து பெயர் எழுதட்டும், தூதுவர் அதைக் கிளவுடுக்குக் கொண்டுபோகட்டும். பிறகு கிளவுட் ஒரு பெயரை ரப்பரால் அழிக்கட்டும். தூதுவர் என்ன செய்வார் என்று வகுப்பைக் கேளுங்கள். அடுத்து, தூதுவர் வெளியே நிற்கும்போது இருவரும் ஒரே பெயரை வேறு வேறு விதமாகத் திருத்தட்டும். இப்போது எது சரி? தூதுவருக்குத் தெரியாது. கணினிக்கும் தெரியாது. பெரும்பாலான சிங்க் மென்பொருள்கள் இந்த நிலையில் இரண்டு கோப்புகளையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பெயர்ப் பட்டியல் இரண்டாகிவிட்ட அலுவலகத்தில் எதைத் தேர்வுத் துறைக்கு அனுப்புவது என்ற குழப்பம் இப்படித்தான் பிறக்கிறது.

எது மாறியது என்று மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் வெளியிட்ட ஆர்சிங்க் இன்றும் லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அது முதலில் கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் மட்டும் பார்க்கும். மாறிய கோப்பிலும் மாறிய பகுதியை மட்டுமே வலையமைப்பில் அனுப்பும். மெதுவான இணையத்துக்கு ஏற்ற முறை. ஆனால் நேரத்தை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய கணினிகளில் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போது கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். இணையம் இல்லையென்றால் அது தானாகத் திருந்தாது. அன்று திருத்திய பட்டியலுக்குப் பழைய தேதி விழும். "புதியதை வைத்துக்கொள்" என்று அமைத்திருந்தால், திருத்தாத பட்டியல் வென்றுவிடும். சில பத்து ரூபாய் பேட்டரிதான், மாற்றிவிடுங்கள்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "பொதுத்தேர்வு" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பல மென்பொருள்களுக்கு வேறு வேறு பெயர். ஒரே ஃபோல்டரில் இரண்டு "பொதுத்தேர்வு" நின்றால் இதையும் சந்தேகிக்கலாம். கூகுள் டிரைவ் வேறு, முழுக்க ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகளையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் எங்கள் அலுவலகத்தில் ஆண்டையும் வகுப்பையும் முன்னால் வைத்து, ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயரிடுகிறோம். எங்கள் தமிழாசிரியருக்கு இதில் வருத்தம்தான். கோப்பின் உள்ளே தமிழ் தாராளமாக இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன்.

சரி, என்ன செய்யலாம்? இருவழி சிங்கை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. வேலை நடப்பது சர்வரில் மட்டும். கிளவுடுக்கு ஒருவழியாக நகல் போகும். ஆர்குளோன் என்ற இலவச மென்பொருளில் காப்பி, சிங்க் என இரண்டு கட்டளைகள் உண்டு. சிங்க், மூலத்தில் இல்லாததை மறுமுனையில் அழிக்கும். காப்பி அழிக்காது. ஆனால் காப்பியும், மாறிய கோப்பைப் பழையதன் மேல் எழுதிவிடும். தவறாகத் திருத்திய பட்டியலும் அப்படியே மேலே போய்விடும். இதற்காக, பழைய பதிப்பை அன்றைய தேதியிட்ட ஃபோல்டருக்கு நகர்த்தி வைக்கும்படி அமைத்திருக்கிறோம். கட்டளையை முதன்முறை ஓட்டும்போது, என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும் டிரை ரன் முறையில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. மாதம் ஒருமுறை ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, கம்பியைக் கழற்றித் தலைமையாசிரியர் பீரோவில் வைக்கிறோம். அதே நாளில் கிளவுடிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை வேறு கணினியில் இறக்கித் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

கணக்கு யார் பெயரில் என்பதும் முக்கியம். ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் வைத்தால், அவருக்குப் பணிமாறுதல் வரும்போது கோப்புகளும் கூடவே போய்விடும். பள்ளியின் அலுவல் மின்னஞ்சலில் வைத்திருந்தாலும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண் அவருடைய கைப்பேசிக்கு வந்தால் சிக்கல் அதேதான். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவிக்கொத்தோடு இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் நகல்களை மேலே ஏற்றுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. நம் மாணவர் ஏறக்குறைய எல்லாரும் அதில் அடங்குவர். ஏற்றத்தான் வேண்டுமென்றால் ஆர்குளோனில் உள்ள குறியாக்க வசதியோடு ஏற்றுங்கள். அதன் கடவுச்சொல் தொலைந்தால் கோப்பை யாராலும் மீட்க முடியாது என்பதால், அதை எழுதி உறையிலிட்டு ஹார்டு டிஸ்க் இருக்கும் பீரோவில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். அப்படியே இன்று டிரைவைத் திறந்து, எந்தெந்த ஃபோல்டர் "இணைப்பு உள்ள எவரும்" என்ற அனுமதியில் கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். எப்போதோ வாட்ஸ்அப் குழுவில் அவசரத்துக்குப் பகிர்ந்தவை இன்னும் திறந்தே இருக்கலாம்.