இதயத் தமனிகளைக் காட்டும் மருந்து

கோலார் தங்கவயலில் கோரமண்டல் முதலிய சுரங்கக் குடியிருப்புகளில் மார்பு எக்ஸ்-ரே படத்தை அறியாதவர் சிலரே. பாறைத் தூளைச் சுவாசித்ததால் விளையும் சிலிகோஸிஸ் நோயை அப்படம் காட்டும். நுரையீரலிலுள்ள காற்று கறுப்பாகத் தோன்ற, நோயின் தழும்பு முடிச்சுகள் அதன்மீது வெண்புள்ளிகளாகத் தெரியும். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்ட பின்னரும் முன்னாள் தொழிலாளர்க்கு இச்சோதனை தேவையாகவே உள்ளது.

ஆனால் அதே படத்தில் இதயத் தமனிகள் தென்படுவதில்லை. காரணம் யாது? தமனியும், அதிலோடும் குருதியும், சூழ்ந்த தசையும் எக்ஸ் கதிர்களை ஏறத்தாழ ஒரே அளவில் தடுக்கின்றன. வேறுபாடு இல்லாதவிடத்து உருவமும் தெரியாது. அயோடின் கலந்த மருந்தைக் குருதியிற் செலுத்தி அவ்வேறுபாட்டை உண்டாக்குவதே ஆஞ்சியோகிராம் முறையாகும்.

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வு முறைக்கு எக்ஸ் கதிர்கள் வேண்டுவதில்லை. 1946-இல் பிளாக், பர்செல் ஆகியோர் கண்ட தத்துவத்தைக் கொண்டு, 1973-இல் லாட்டர்பர் படமெடுக்கும் வழியை வெளியிட்டார். வலிய காந்தத்தினுள் நோயாளியைக் கிடத்தி வானொலி அலைகளைச் செலுத்தினால், உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நிலை மாறிப் பின்னர் பழைய நிலையை எய்துகின்றன. அப்பொழுது அவை தரும் சைகைகளே படமாகின்றன. இதயத் தமனிகளோ சில மில்லிமீட்டர் அகலமே உடையவை. துடிப்பாலும் மூச்சாலும் ஓயாது அசைபவை. ஆகவே சைகை வலுவுடன் இருத்தல் அவசியம்.

இங்குக் கடோலினியம் என்னும் உலோகம் துணைபுரிகிறது. அதன் காந்தத் தன்மை அருகிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை விரைவில் பழைய நிலைக்குத் திருப்புவதால், குருதி ஒளியுடனும் தசை மங்கலாகவும் தோன்றும். எனினும் சாதாரண மருந்து சில நிமிடங்களில் திசுக்களுக்குட் கசிந்துவிடும். காலந்தவறாது படமெடுத்தல் வேண்டும். தமனிகளைக் காண இன்று சி.டி. முறையே மிகுதியாகக் கையாளப்படுகிறது. ஆயினும் மாரடைப்பால் தசையில் விழுந்த தழும்பை இம்மருந்து நன்கு காட்டும்.

தனித்த கடோலினியம் நஞ்சாகும். ஆதலின் அதனை வேறொரு ரசாயனப் பொருளுடன் இறுகப் பிணைத்தே செலுத்துவர். சிறுநீரகம் அதனை வெளியேற்றும். சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவர்க்கு இம்மருந்தால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் கொடிய நோய் நேரக்கூடும் என்பது 2006-இல் தெரியவந்தது. உலோகத்தை வளையமாகச் சூழ்ந்து பிணைக்கும் மருந்துகளில் இவ்வபாயம் மிகக் குறைவு.

இதனைப் பள்ளியில் விளக்குவது எளிது. பைரெக்ஸ் கண்ணாடிக் குழாயில் கிளிசரினை நிரப்பிக் கிளிசரினிலேயே அமிழ்த்தினால் குழாய் கண்ணுக்கு மறையும். குழாயினுள் சிறிது மை கலந்தால் புலப்படும்.

களப்பணியாளர் நெஞ்சுவலியுற்ற முதியவரைச் சோதனைக்கு அனுப்புமுன், சிறுநீரக நோய், நீரிழிவு, மருந்து ஒவ்வாமை, பேஸ்மேக்கர், கண்ணிற் பாய்ந்த இரும்புத் துகள் ஆகியவற்றை விசாரித்துச் சீட்டில் எழுதுதல் வேண்டும். சுரங்கப் பட்டறையில் உழைத்தவரிடம் இறுதி வினாவை ஒருபோதும் விடலாகாது.