மரம் அறுக்கும் இயந்திரம்: சைலன்சரில் துளை போடலாமா?

சவுக்கு வெட்டவும், பட்டுப்போன தென்னையைத் துண்டு போடவும், சீமைக்கருவேலத்தை ஒழிக்கவும் பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இப்போது உண்டு. தங்கள் வேலை போக, அக்கம்பக்கத்தில் கூலிக்கும் அறுத்துக் கொடுக்கிறார்கள். சைலன்சரின் உள்ளே உள்ள தகட்டையும் வலையையும் கழற்றி எறிந்து, வெளியே இன்னொரு துளை போட்டால் இயந்திரம் இரண்டு மடங்கு இழுக்கும் என்று இவர்களிடம் சொல்பவர்கள் உண்டு. இழுவை சற்றுக் கூடுவது மெய்தான். இரண்டு மடங்கு என்பது மிகை. துளையை மட்டும் போட்டுவிட்டு மற்றதைக் கவனியாமல் விட்டால், பிஸ்டனும் சிலிண்டரும் பழுதாகி இயந்திரத்தின் விலையில் பெரும் பங்கைச் செலவு வைக்கும்.

இது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். தண்டு ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒருமுறை எரிப்பு நடக்கிறது. தனியாக வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டரின் பக்கத்திலுள்ள புகைவாயை அதுவே திறந்துவிடுகிறது. எரிந்த புகை வெளியேற, அடியிலிருந்து ஏறும் புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை மிச்சப் புகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே நிரம்புகிறது. வெளியே போகும் வழி நெருக்கமாக இருந்தால் பழைய புகை உள்ளேயே தங்கும், புதிய கலவைக்கு இடம் குறையும், சக்தியும் குறையும். சைலன்சரைத் திறந்தால் சக்தி கூடுவதன் காரணம் இவ்வளவே.

பழைய இயந்திரங்களில் சைலன்சர் வாய் ஓரளவு அகலமாகவே இருந்தது. அமெரிக்காவில் 1997 முதல் சிறு எஞ்சின்களின் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது. ஐரோப்பாவும் 2002ல் சட்டம் செய்தது. அதன் பிறகு வந்த பல இயந்திரங்களில் வாய் சிறுத்தது, கார்புரேட்டரும் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும்படி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. ஆகவே புதிய இயந்திரங்களில் இந்தத் திருத்தம் சற்றுப் பலன் தரும். வாய் ஏற்கனவே அகலமாக உள்ள பழைய இயந்திரத்தில் துளை போட்டால் சத்தந்தான் மிஞ்சும்.

<b>ஆபத்து எங்கே?</b>

சைலன்சர் திறந்துவிட்டால் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டர் திருகோ பழைய இடத்திலேயே இருக்கிறது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமல் கலவை வறண்டுபோகிறது. வறண்ட கலவையில் சூடு ஏறும். இங்கே இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இந்த எஞ்சினில் ஆயிலுக்கென்று தனி அறை இல்லை. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்கிற்கும் வழுவழுப்புத் தருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்றே பொருள். சூடு ஏறி, ஆயிலும் குறைந்தால் பிஸ்டன் பருத்து சிலிண்டர் சுவரில் உரசும். புகைவாய் இருக்கும் பக்கமே முதலில் கீறல் விழும். பிறகு ரிங் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அறுத்துக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிடும்.

நம் நாட்டில் இதற்கு மேல் ஒரு சங்கதி இருக்கிறது. 2025ல் நாடெங்கும் 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்திற்கு வந்துவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால், அது கூடக்கூடக் கலவை தானாகவே வறட்சிப் பக்கம் சாயும். 10 சதம் வரையே ஏற்கும் என்று கையேட்டில் எழுதப்பட்ட இயந்திரங்கள் பல. சைலன்சரைத் தொடாமலே கலவை வறண்டு நிற்கும் இயந்திரத்தில் துளையும் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பெட்ரோலையும் ஆயிலையும் கலந்து மாதக்கணக்கில் கேனில் வைத்திருக்கக் கூடாது.

<b>துளைக்கு முன் பார்க்க வேண்டியவை</b>

இழுவை குறைந்துவிட்டது என்று பட்டறைக்குத் தூக்கி வரப்படும் இயந்திரங்களில் பலவற்றுக்குச் சைலன்சர் திருத்தம் தேவையே இல்லை. முதலில் சங்கிலியைப் பார்க்க வேண்டும். அறுக்கும்போது சிறு சிறு சீவலாக விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவு மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. தென்னையின் வெளிச் சுற்று மிகக் கடினம். பல்லை விரைவில் மழுக்கும். கருவேலத்தைத் தரையொட்டி அறுக்கும்போது மண் பட்டால் ஒரே நொடியில் கூர் போய்விடும். சங்கிலியின் அளவுக்குத் தக்கபடி 4, 4.8 அல்லது 5.5 மி.மீ. உருண்டை அரத்தால், பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 டிகிரி சாய்வில், எல்லாப் பல்லையும் ஒரே எண்ணிக்கையில் உள்ளிருந்து வெளிநோக்கித் தேய்க்க வேண்டும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேடு பல்லின் முனையை விட ஏறத்தாழ 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல்லைப் பலமுறை தேய்த்துவிட்டு மேட்டைத் தொடாமல் விட்டால், எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தில் ஏறாது. நன்றாகத் தீட்டிய சங்கிலி கொடுக்கும் வேகத்தை எந்தத் துளையும் கொடுக்காது.

அடுத்தது காற்று வடிகட்டி. அதிலுள்ள மரத்தூளைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது சைலன்சரிலுள்ள தீப்பொறி வலை. ஆயில் அதிகமாகக் கலந்தாலும், இயந்திரத்தை வெறுமனே நெடுநேரம் மெதுவாக ஓடவிட்டாலும் இந்த வலையில் கரி அடைத்துக்கொள்ளும். எஞ்சின் எளிதில் கிளம்பும், மெதுவாக ஓடும்போது சீராக இருக்கும், முடுக்கினால் மட்டும் எழும்பாது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். ஆறிய பிறகு வலையைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் போட்டால் பழைய இழுவை வந்துவிடும். இப்படிக் கரி அடைத்த வலையைத் தூக்கி எறிந்தவர்தான் பல சமயம், "சைலன்சரைத் திருத்தினேன், பிரமாதமாக இழுக்கிறது" என்கிறார்!

சைலன்சரைக் கழற்றியிருக்கும்போதே புகைவாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்துவிடுவது நலம். பளபளப்பாக, மெல்லிய கோடுகளோடு இருந்தால் கவலை இல்லை. ஆழமான நெடுங்கீறல்கள் தெரிந்தால் அந்த எஞ்சினுக்குத் திருத்தம் வேண்டாம், சிகிச்சைதான் வேண்டும். புகைவாயில் கரி இருந்தால், பிஸ்டன் அந்த வாயை மூடும்படி தண்டைச் சுற்றி நிறுத்திக்கொண்டு மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். ஸ்குரூ டிரைவர் ஆகாது.

<b>திருத்தியே தீர வேண்டும் என்றால்</b>

கார்புரேட்டரில் வேகத் திருகு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆங்கில எச் எழுத்து பொறித்த திருகுதான் அது. திருகே இல்லாத கார்புரேட்டர், அல்லது மேலே பிளாஸ்டிக் மூடி போட்டுத் திரும்பாமல் தடுத்தது என்றால் சைலன்சரைத் தொடக் கூடாது. கலவையைத் தானே சரி செய்யும் மின்னணு வகை இயந்திரங்களை விற்பனையாளரிடம் கேட்காமல் திறக்கக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத எந்த இயந்திரத்திலும் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும்.

துளையின் அளவுக்குப் பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டு. சைலன்சரிலிருந்து வெளியேறும் வழிகளின் மொத்தப் பரப்பு, சிலிண்டர் புகைவாயின் பரப்பில் 80 சதத்தைத் தாண்டக் கூடாது. உதாரணமாக, புகைவாய் 30 மி.மீ. அகலமும் 12 மி.மீ. உயரமும் இருந்தால் பரப்பு 360 சதுர மி.மீ.; அதில் 80 சதம் 288. ஏற்கனவே 12 மி.மீ. விட்டமுள்ள துளை இருந்தால் அது 113. இன்னும் 15 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை போட்டால் 177 சேரும். அதற்கு மேல் போனால் சத்தம் ஏறுமே தவிரச் சக்தி ஏறாது.

சைலன்சரைக் கழற்றித் தனியாக வைத்தே துளையிட வேண்டும். ஒரு இரும்புத் துருவல் சிலிண்டருக்குள் போனால் போதும், கதை முடிந்துவிடும். துளையின் வாய் கைப்பிடி, பெட்ரோல் டாங்க், பிளாஸ்டிக் மூடி எதையும் நோக்கக் கூடாது. முன்புறம் நோக்கியே இருக்க வேண்டும். புதிய துளைக்கும் கம்பி வலை கட்டாயம். சவுக்குத் தோப்பில் உதிர்ந்து காய்ந்து கிடக்கும் சருகும், கரும்புச் சோகையும், பனையோலை வேய்ந்த கொட்டகையும் ஒரு பொறிக்காகக் காத்திருப்பவை. வலையில்லாத சைலன்சரோடு கோடையில் தோப்புக்குள் போவது, கொள்ளியை எடுத்துக்கொண்டு போவதற்குச் சமம்.

பிறகு கலவையைச் சரி செய்ய வேண்டும். எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு எச் திருகை இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, கால் சுற்று திறக்க வேண்டும். மரத்தில் வைக்காமல் சில வினாடிகள் முழு வேகம் கொடுத்தால் ஓசை சற்றே கரகரப்பாக, விட்டுவிட்டு வெடிப்பதுபோல் வர வேண்டும். மரத்தில் அழுத்தியதும் கரகரப்பு நீங்கி ஒரே சீராக ஓட வேண்டும். மரத்தில் வைக்காதபோதே கிறீச்சென்று தெளிவாகக் கத்தினால் கலவை வறண்டிருக்கிறது; உடனே முடுக்கைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். சுமையில்லாமல் முழு வேகத்தில் பிடித்துக்கொண்டே இருப்பது எஞ்சினைக் கொல்லும். சிறிது நேரம் அறுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வறட்சி, கருத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். ஆயில் அளவு கையேட்டில் கண்டபடிதான்: 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; 25க்கு 1 என்றால் 40 மி.லி.

திருத்திய பின் பெட்ரோல் செலவு கூடும். கூலிக்கு அறுப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காதைப் பற்றியும் ஒரு சொல். 85 டெசிபல் ஓசையை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடந்தான். மரம் அறுக்கும் இயந்திரம் திருத்தாத நிலையிலேயே அறுப்பவர் காதருகில் 100 டெசிபலைத் தாண்டுகிறது. இந்தக் கேடு வலியில்லாமல் வருவதால் பேரப்பிள்ளைகள் பேச்சு கேட்காமல் போகும்போதுதான் தெரியவரும்; போன செவி மருந்தால் திரும்பாது. பஞ்சு வைத்துக்கொள்வது போதாது, காதை முழுதும் மூடும் உறை தேவை.

ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் மட்டும் இயந்திரத்தை எடுப்பவருக்கு இந்தத் திருத்தம் வேண்டியதே இல்லை. ஒரு உருண்டை அரம், மேட்டை அளக்கும் தகடு, மாற்று வடிகட்டி ஒன்று ஆகியவை வாங்கிக்கொண்டால் போதும். வேலை முடிந்து இயந்திரத்தை உள்ளே வைக்குமுன் டாங்கிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரிலுள்ள ரப்பர் தகடும் அடுத்த பருவம்வரை விறைக்காமல் இருக்கும்.