நிறுத்துமிடம் அறிதல்: சிறுகதை வழிப் பிழை திருத்தப் பயிற்சி

முன்னுரை

இலக்கணம் என்றவுடன் மாணவர் பலர் அஞ்சுகின்றனர். நூற்பாவைத் தடையின்றி ஒப்பிப்போரும் சொந்தமாக ஒரு பத்தி எழுதுங்கால் தடுமாறுவதை விடைத்தாள்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். தொடர்பற்ற தொடர் ஒன்றைத் திருத்தச் சொன்னால் ஊகித்தே திருத்துவர். தாம் படித்து மனம் கலங்கிய ஒரு கதையைப் பற்றிய தொடராயின், பொருளை எண்ணித் திருத்துவர். அத்தகைய பயிற்சி ஒன்றை ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

கதை

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915-ஆம் ஆண்டு 'விவேகபோதினி' இதழில் வெளிவந்தது. தமிழின் முதல் சிறுகதை எனப் பலராலும் கருதப்படுவது. கதை சொல்வது ஒரு மரம். கண்மாய்க்கரை மரநிழலில் இளைப்பாறாதவர் நம் கம்பம் பள்ளத்தாக்கில் அரியர். ஆதலின் இக்கதை நம் மாணவரை எளிதில் ஈர்க்கிறது. தந்தை செல்வம் இழந்தமையால் ருக்மிணியைப் புறக்கணித்த கணவன் வீட்டார், நாகராஜனுக்கு வேறு மணம் பேசுகின்றனர். அவன் உடன்படுவதுபோல் நடித்து, இறுதி நேரத்தில் விலகிவிடக் கருதுகிறான். அதனை அறியாத ருக்மிணி குளத்தில் வீழ்ந்து உயிர் துறக்கிறாள்.

தொடர்களும் திருத்தங்களும்

1. பிழை: அரசமரம் தான் கண்டதைச் சொன்னான்.
திருத்தம்: அரசமரம் தான் கண்டதைச் சொன்னது.

மரம் அஃறிணை, ஒன்றன்பால் வினைமுற்றையே ஏற்கும். அங்ஙனமாயின் கதைக்குள் மரம் 'நான்' என்று பேசுவது வழுவாகாதா எனச் சிலர் வினவுவர். ஆகாது. தன்மைப் பெயர் இருதிணைக்கும் பொது என்பது நன்னூலார் கொள்கை.

2. பிழை: நாகராஜனின் பெற்றோர் வேறு பெண் பார்த்தார்.
திருத்தம்: நாகராஜனின் பெற்றோர் வேறு பெண் பார்த்தனர்.

'ஆர்' ஈறு பண்டு பலர்பாலுக்கே உரியது. இன்றைய உரைநடையில் ஒருவரை மதித்துக் கூறுதற்கு நின்றுவிட்டது. நம் பகுதிப் பேச்சில் 'வந்தாக' என்பது ஒருவருக்கும் பலருக்கும் ஒன்றாகவே வழங்குகிறது. அப்பழக்கமே எழுத்திலும் மயக்கம் தருகிறது.

3. பிழை: அவன் மறுமனத்திற்கு இசைந்ததுபோல் நடித்தான். ருக்மிணி குளத்தில் வீழ்ந்து இரந்தாள்.
திருத்தம்: அவன் மறுமணத்திற்கு இசைந்ததுபோல் நடித்தான். ருக்மிணி குளத்தில் வீழ்ந்து இறந்தாள்.

நாகராஜன் இசைந்ததாகக் காட்டியது மணத்திற்கு, மனமோ இசையவில்லை. இரத்தல் யாசித்தல், இறத்தல் உயிர் நீத்தல். ஓரெழுத்து மாறினால் அப்பெண்ணின் சாவே கதையிலிருந்து மறைந்துவிடுகிறது.

4. ஐயத்திற்கிடமானது: நாகராஜன் அழுதுகொண்டு வந்த ருக்மிணியைக் கண்டான்.
திருத்தம்: நாகராஜன், அழுதுகொண்டு வந்த ருக்மிணியைக் கண்டான்.

காற்புள்ளியை 'அழுதுகொண்டு' என்பதன்பின் இட்டால் அழுதவன் நாகராஜனாகிவிடுவான். கண்ணீர் யாருடையது என்பதைக் கதையிடம் கேட்டே புள்ளியிட வேண்டும்.

5. பிழை: நாகராஜன் நான் அவளைக் கைவிடமாட்டேன் என்று நண்பனிடம் கூறினான்.
திருத்தம்: நாகராஜன், "நான் அவளைக் கைவிடமாட்டேன்" என்று நண்பனிடம் கூறினான்.

மேற்கோள்குறி இல்லையேல் 'நான்' என்பது எழுதுகின்ற மாணவரையும் குறிக்கக்கூடும். அயற்கூற்றாக்கினால், 'தான் அவளைக் கைவிடப்போவதில்லை என்று' என மாறும்.

நிறுத்தலின் அருமை

நம் ஓலைச்சுவடிகளில் நிறுத்தற்குறிகள் இல்லை. அவை ஐரோப்பியர் தொடர்பாலும் அச்சுக்கலையாலும் தமிழுக்கு வந்தவை. ஆதலின் அவற்றை வெறும் அணியெனக் கருதுவோர் உளர். நம் மாணவருள் பலர் மதரஸாவில் திருக்குர்ஆன் ஓதப் பழகியவர்கள். அங்கு வரிகளின்மேல் அமைந்த வக்ஃபுக் குறிகளை ஹஜ்ரத் சுட்டிக் காட்டியிருப்பார். 'மீம்' வரின் நிறுத்தியே ஆகவேண்டும். 'லா' வரின் நிறுத்தலாகாது. 'ஜீம்' வரின் நிறுத்தலாம், தொடரவும் செய்யலாம். இடமறியாது நிறுத்தினால் பொருள் பிறழும் என்பதை ஓதுவோர் இளமையிலேயே உணர்வர். இதனை வகுப்பில் எடுத்துக்கூறியபின் காற்புள்ளியை அற்பமாக எண்ணுவோர் குறைந்ததைக் கண்டோம். ஓதிப் பழகாத மாணவர்க்கும் இவ்வொப்புமை நன்கு விளங்குகிறது.

பயிற்சி

பின்வருவனவற்றை மாணவர் தாமே திருத்துக:
அ. கதைப் படித்து முடித்ததும் வகுப்பறை அமைதியாயிற்று.
ஆ. ஒவ்வொரு மாணவர்களும் தத்தம் கருத்தை எழுதினர்.
இ. ருக்மிணி இறந்தது யார் குற்றம் என்று ஆசிரியர் வினவினார்?

முடிவுரை

மூன்றாம் தொடரின் குறியைத் திருத்திய பின்னும் அவ்வினா நம்மிடமே நிற்கிறது. நாகராஜன் தன் எண்ணத்தை நண்பனிடம் கூறினான். கூற வேண்டியவளிடம் கூறவில்லை. நிறுத்தக்கூடாத இடத்தில் சொல்லை நிறுத்தினான். ஓர் உயிர் போயிற்று. சொல்லும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. எங்கே நிறுத்துவது, எங்கே தொடர்வது என்பதை அறிந்து அதனை உரியவரிடம் பழுதின்றிச் சேர்ப்பதற்கே இலக்கணம் கற்கிறோம்.