வான்வழி காப்போரைப் பயிற்றும் ஆசிரியர்

கற்பித்தல் எளிதன்று என்பது கற்பித்தார் யாவரும் உடன்படும் உண்மை. ஆயினும், மாணாக்கர் செய்யும் பிழை பெரும்பாலும் ஆசிரியரைச் சிறிது வருத்துவதோடு அமையும். யாம் புணர்ச்சி விதியிற் பிழைத்தால் எம் விடைத்தாளிற் சிவப்பு மைக்கோடு ஒன்று மிகும், அவ்வளவே. மாணாக்கன் நாவிற் பிறக்கும் ஒரு சொற்பிழை நூற்றுக்கணக்கான உயிர்கட்கு இறுதியாகக்கூடிய வகுப்பறையும் உலகில் உளது. அங்கு அமர்ந்து கற்பிப்போர், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரைப் பயிற்றும் ஆசிரியர். நன்னூலார் தம் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை கூறினர். பவணந்தியார் காலத்து வானிற் பறந்தவை புள்ளினங்களே. எனினும், அந்நான்கு இலக்கணமும் இப்புதுத் தொழிலாசிரியர்க்கு எத்துணைப் பொருந்துமென ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். 1929-இல் அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஆர்ச்சி லீக் என்பார், இரு கொடிகளைக் கையிற்கொண்டு விமானங்களைச் செல்லவும் நிற்கவும் ஏவினார். இன்று அப்பணியை ரேடாரும் ரேடியோவும் கொண்டு செய்கின்றனர். நெடுவழிச் செல்லும் இரு விமானங்களுக்கிடையே மேல்கீழாக 1,000 அடியேனும், அஃதின்றேல் பக்கவாட்டில் ரேடார் நோக்கில் பொதுவாக 5 கடல் மைலேனும் இடைவெளி இருத்தல் வேண்டும். ஜெட் விமானம் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் செல்வது. ஆகவே, எதிரெதிர் வரும் இரண்டு விமானங்கள் அந்த 5 கடல் மைலை 20 விநாடிக்குள் கடந்துவிடும். மாட்டுவண்டியை நிறுத்தி வழி கேட்பதுபோல, வானில் நின்று யோசித்தல் இயலாது.

இத்தொழிலைக் கற்பார் முதலில் வகுப்பறையில் விமானச் சட்டம், வானிலை, வழியறிதல், விமான வகைகள் முதலியவற்றைப் பயில்வர். நம் நாட்டில் இதற்கென 1948-இல் தோன்றிய கல்விநிலையம் அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில், உளது. அடுத்த படி சிமுலேட்டர் என்னும் போலிப் பயிற்சிக்கூடம். அங்கே திரையில் ஊர்வன பொய் விமானங்கள். விமானிபோல் விடையிறுப்போர் அடுத்த அறையில் அமர்ந்திருப்பர். அங்கு நேரும் மோதலில் இறப்பார் ஒருவருமிலர். மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். மூன்றாம் படியே கடிது. பயிலுநர் மெய்யான இருக்கையில் அமர்ந்து, மெய்யான விமானங்களோடு பேசத் தொடங்குவர்.

அவ்விருக்கையிற் கற்பித்தல் ஓராசிரியர்க்கு ஒரு மாணாக்கர் என்னும் முறையிலேயே நிகழும். இருவரும் காதில் ஒலிக்கருவி பூண்டு ஒரே ஒலியைக் கேட்பர், பேசுபவர் பயிலுநர். ஆனால் அவர் பேசும் சொல் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி அருகிருக்கும் ஆசிரியரே. வேண்டுமிடத்து மாணாக்கர் குரலை அடக்கித் தம் குரலைச் செலுத்தும் விசையொன்றும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

ஈண்டே நிலத்தின் பொறுமையும் மலையின் அசையாமையும் வேண்டப்படுகின்றன. இரண்டு விமானங்கள் மெல்ல நெருங்குகின்றன எனக் கொள்வோம். ஆசிரியர் கண்டுவிட்டார், பயிலுநர் காணவில்லை. உடனே விசையை அழுத்தித் தாமே ஆணையிட்டால் விமானங்கள் விலகும். மாணாக்கரோ ஒன்றும் கற்றிலர். நாளையும் ஆசிரியர் காண்பார் என்னும் எண்ணமே அவருள்ளத்து வேரூன்றும். பேசாது பொறுத்தாலோ, ஒவ்வொரு விநாடியும் விலை மிக்கது. ஆதலின் நல்லாசிரியர் தம் மனத்துள் ஓர் எல்லை வகுத்துக்கொள்வர். தீர்வு இன்னும் எஞ்சியிருக்கும் இறுதிக் கணம் எது, அப்போது தாம் கூறவேண்டிய ஆணை யாது என்பவற்றை முன்னரே ஆயத்தஞ் செய்துகொண்டு, அவ்வெல்லைக்கு உட்பட்டே காத்திருப்பர். இடையில், "அம்மேற்றிசை விமானத்தை என் செய்யக் கருதுகிறீர்?" என ஒரு வினா எழுப்புவர். அவ்வினாவிலேயே பயிலுநர் விழித்துக்கொள்ளின் கல்வி நிகழ்ந்தது. எல்லை வந்தும் விழித்திலரேல், ஆசிரியர் குரலே ஒலிக்கும். வாய் மூடியிருப்பினும் உள்ளம் ஒருகணமும் ஓயாமையின், இதனைச் சோம்பலின் மௌனம் எனல் தகாது.

மற்றோர் இடரும் உண்டு. மாணாக்கர் கூரியராயின் ஆசிரியர் தம்மையறியாது நெகிழ்ந்துவிடுவர். அவர் பார்த்துக்கொள்வார் என இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என அவரும் இருந்தால், கண்கள் நான்கிருந்தும் காண்பார் எவருமிலர்.

இனி, மொழி மாணாக்கராகிய எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதிக்கு வருவோம். கட்டுப்பாட்டாளர்க்குப் படையும் கேடயமும் சொல்லே. ஆணையைக் கேட்ட விமானி அதனை அவ்வாறே மீளக் கூறுதல் வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதனைச் செவிமடுத்துச் சரிபார்த்தல் வேண்டும். நன்னூலார் சொன்னதையே சொல்லும் கிளியை இடைமாணாக்கர்க்கு உவமையாக்கினர். கூறுதல் கிளிக்கும் கைவரும். தாம் எதிர்பார்த்ததை விடுத்து, உண்மையிற் கூறப்பட்டதைக் கேட்டலே அரிது. அச்செவிப் பயிற்சியை ஊட்டுதல் ஆசிரியர் கடன். எழுத்தொலியிலும் விதியுண்டு. ஐந்தும் ஒன்பதும் ரேடியோவில் ஒலி மயங்காமைப் பொருட்டு 'ஃபைஃப்', 'நைனர்' என ஒலிக்கவேண்டுமென்பது உலகப் பொது மரபு.

இவ்விதிகள் வீணே தோன்றியன அல்ல. 1977 மார்ச்சு 27-ஆம் நாள் கேனரித் தீவுகளுள் ஒன்றாகிய டெனெரிஃபில் மூடுபனி சூழ்ந்திருந்தது. டச்சு விமானத்தார், "யாம் இப்போது டேக்-ஆஃபில் உள்ளோம்" எனப் பொருள்படக் கூறினர். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர் கருத்து; புறப்படக் காத்திருக்கின்றனர் எனக் கொண்டார் கட்டுப்பாட்டாளர். அவர் 'ஓ.கே.' என்றார், தொடர்ந்து காத்திருக்குமாறு கூறிய சொற்கள், அதேகணம் பேசிய அமெரிக்க விமானத்தின் குரலோடு மோதித் தெளிவிழந்தன. ஒரே ஓடுபாதையில் இரு விமானங்களும் மோதி 583 பேர் மாண்டனர். அதன்பின், விமானம் எழ இசைவளிக்கும்போதும் அவ்விசைவை நீக்கும்போதுமே 'டேக்-ஆஃப்' என்னும் சொல்லை வழங்கவேண்டும் என்னும் வரையறை ஏற்பட்டது. ஒரு சொல்லின் பொருளெல்லையை வகுக்க 583 உயிர் விலையாயிற்று.

1996 நவம்பர் 12-ஆம் நாள் டில்லிக்கு அணித்தாகிய சர்க்கி தாத்ரியின் வானில், 15,000 அடியில் நிற்குமாறு பணிக்கப்பட்ட கஜக் விமானம் அதனினும் தாழ்ந்து, எதிர்வந்த சவூதி விமானத்தோடு மோதியது. இறந்தோர் 349 பேர். அக்காலை டில்லியிலிருந்த ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டும் ஆற்றலற்றது. சொல்லையன்றி வேறு சான்றில்லை. சொல் பிழைத்தவிடத்துப் பிற எல்லாம் பிழைத்தன.

நிற்க. நிறைகோலின் நடுநிலையே இவ்வாசிரியர்க்கு மிகக் கொடிய சோதனை என்போம். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் நிறையும் குறையும் எழுதி வைத்தல் அவர் கடமை. பல திங்கள் அருகமர்ந்து பழகிய இளைஞர், நல்லொழுக்கத்தினர், வீட்டிற்கு ஒரே துணையாவார். ஆயினும், விமானங்கள் பலவாயவிடத்து அவர் மனம் தடுமாறுகின்றது. இரங்கிக் கையொப்பமிட்டால் அவ்விரக்கத்தின் கடனை முன்பின் அறியாத பயணிகள் இறுப்பர். 'இவர் இப்பணிக்கு ஏலார்' என எழுதுதல் அன்பின்மையன்று. காணாத மாந்தர்மாட்டுக் காட்டும் அன்பே அது. எழுதியபின், அவர் முகம் நோக்கிக் காரணத்தை இன்சொல்லால் எடுத்துரைப்பதில் மலரின் இயல்பு விளங்கும். பிழைத்த மாணாக்கரை வைது அஞ்சுவித்தால், அடுத்த பிழையை அவர் மறைக்கப் பழகுவர். இத்தொழிலில் மறைத்த பிழையே பெரும் பகை.

இத்தகைய ஆசிரியரை விரைவில் ஆக்கிக்கொள்ளவும் இயலாது. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் வேலைநிறுத்தஞ் செய்த 11,000-க்கு மேற்பட்ட கட்டுப்பாட்டாளரை அரசாங்கம் பணிநீக்கியது. எஞ்சியோரே வானையும் காத்துப் புதியோரையும் பயிற்றவேண்டியதாயிற்று. பழைய நிலை எய்தப் பல ஆண்டுகள் சென்றன. நூல்களை அச்சிட்டுக் குவிக்கலாம்; அருகமர்ந்து பொறுத்திருக்கும் ஒருவரை அச்சிடல் ஆகாது.

பயிற்சி முற்றித் தேர்வில் வென்ற நாளில் ஆசிரியர் தம் ஒலிக்கருவியைக் கழற்றிக்கொண்டு எழுந்து செல்வர். பயிலுநராயிருந்தவர் தனியே பேசுவர். அவர் குரலை அடக்கும் விசை அருகில் இராது. தம் துணை இனி வேண்டாவாம்படி மாணாக்கரை ஆக்குதலன்றோ ஆசிரியத் தொழிலின் முடிவு! உலகப் பொது விதியின்படி இவ்வுரிமம் பெற 21 வயது நிரம்பவேண்டும். எமக்கு இன்னும் இரண்டாண்டு குறைவு. ஆயினும், வினாத்தாள் முன் யாம் திகைக்கும்போது விடை அறிந்தும் வாய் திறவாது நிற்கும் எம் ஆசிரியரின் மௌனத்தை இனி யாம் கடுமையென்று கருதோம்.